தோற்ற அன்று யார் பக்கம்?

(பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழா என்றால் வெற்றியைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். இந்த மேசையில் கிண்ணங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தால், கிண்ணங்களைவிடப் பிள்ளைகள் அதிகம். இன்று பலர் வெறுங்கையோடு வீடு திரும்பப் போகிறார்கள். ஆகவே நான் தோல்வியைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன். அதிலும், மைதானத்தில் ஓடித் தோற்றவனைப் பற்றி அல்ல, வெளியே உட்கார்ந்து பார்த்துத் தோற்றவனைப் பற்றி. ரசிகன் என்று நாம் சொல்கிறோமே, அவனைப் பற்றி.

சுங்கை சிப்புட்டில் இருப்பவர்களுக்கு ஹாக்கியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஈப்போ நமக்குப் பக்கத்து ஊர். பின்னாளில் பேராக் சுல்தானாக விளங்கிய அஸ்லான் ஷா அவர்களின் பெயரால் 1983இல் தொடங்கிய கிண்ணப் போட்டியை ஈப்போ அரங்கிலேயே பலமுறை பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்தக் கிண்ணத்தை மலேசியா 2022இல்தான் முதன்முறையாக வென்றது. 2009 இறுதியாட்டத்தில் இந்தியாவிடம் 1-3 என்று தோற்றோம். 2013இலும் 2014இலும் இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றோம். போகும்போது மோட்டார் சைக்கிளில் கொடி பறக்கும். வரும்போது கொடி பைக்குள் இருக்கும். இது நமக்குப் பழகிப்போன பாதை.

இவை எல்லாவற்றையும்விட வலித்தது 2018ஆம் ஆண்டு. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆகஸ்ட் 30, வியாழக்கிழமை, சுதந்திர தினத்துக்கு முந்தின நாள். அரையிறுதியில் இந்தியாவோடு ஆட்டம். இந்தியா அப்போது நடப்பு வெற்றியாளர். இரண்டு தடவை அவர்கள் முந்தினார்கள், இரண்டு தடவையும் நாம் எட்டிப் பிடித்தோம். 60 நிமிட ஆட்டத்தில் 59ஆவது நிமிடத்தில் ராஸி ரஹிம் அடித்த கோலால் 2-2 என்று சமன் ஆனது. பிறகு ஷூட்-அவுட். பந்தை வைத்துக்கொண்டு ஒரே ஆட்டக்காரர் கோல்காவலரை நோக்கி ஓடி வர வேண்டும், எட்டு விநாடிக்குள் கோல் போட வேண்டும். நம் கோல் கம்பத்தில் நின்றவர் குமார் சுப்ரமணியம். 7-6 என்று நாம் வென்றோம். மறுநாள் விடிந்தால் மெர்டேக்கா! அந்த வருஷம் கொடி ஏற்றியபோது பலருக்கு நெஞ்சு இரட்டிப்பாக நிமிர்ந்தது.

செப்டம்பர் 1, சனிக்கிழமை. இறுதியாட்டம் ஜப்பானோடு. வென்றால் தங்கம். தங்கத்தோடு 2020 தோக்கியோ ஒலிம்பிக்கிற்கும் நேரடி வாய்ப்பு. 2000ஆம் ஆண்டு சிட்னிக்குப் பிறகு நம் ஹாக்கி அணி ஒலிம்பிக்கில் கால் வைக்கவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆட்டத்தில் ஒரு கட்டத்தில் 5-2 என்று முன்னால் நின்றோம். ஜப்பான் விடாமல் துரத்தியது. முடியும் தறுவாயிலும் 6-5 என்று நாம்தான் முன்னால். கடைசி நிமிடத்தில் ஜப்பான் ஒரு கோல் போட்டு 6-6 ஆக்கியது. மீண்டும் ஷூட்-அவுட். இந்தத் தடவை 1-3. தோற்றோம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதை அன்று கண்ணால் பார்த்தோம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வியாழக்கிழமை கடைசி நிமிடத்தில் நாம் கோல் போட்டுத் துள்ளிக் குதித்தபோது, பஞ்சாபிலும் ஒடிசாவிலும் யாரோ ஒருவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமை கடைசி நிமிடத்தில் அந்தக் கை நம் தலைக்கு வந்தது. ஆட்டம் அதே ஆட்டம். இரண்டு நாள்தான் இடைவெளி.

தோற்றதும் ரசிகன் என்ன செய்கிறான்? ஒட்டுக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும். ஒருவர் நடுவரைத் திட்டுவார், தரையைக் குறை சொல்வார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதை. இன்னொருவர், "நான் பெரிசா எதிர்பார்க்கவே இல்லப்பா" என்பார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பவர் இவர். மூன்றாமவர் ஒரே ஓர் ஆட்டக்காரரைப் பிடித்துக்கொள்வார். வியாழக்கிழமை தலையில் தூக்கி வைத்தவரையே சனிக்கிழமை கீழே போட்டு மிதிப்பார். நான்காமவர், "இனிமே ஹாக்கி பார்த்தா என்னைச் செருப்பால அடி" என்று சபதம் போடுவார். அடுத்த ஆட்டத்தன்று முதல் நாற்காலியில் அவரைத்தான் பார்க்கலாம்!

சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த நான்கு பேரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். வலி தன்னுடையது இல்லை என்று காட்டப் பார்க்கிறார்கள். அது முடியாத காரியம். ஏன் முடியாது என்பதற்கு ஒரு பழைய ஆட்டத்தைச் சொல்கிறேன்.

1975 மார்ச் மாதம். கோலாலம்பூரில் உலகக் கிண்ண ஹாக்கி. மெர்டேக்கா அரங்கில் அரையிறுதி, மலேசியாவும் இந்தியாவும். நம் அணித் தலைவர் சிறீ சண்முகநாதன். அணியில் மகேந்திரன் இருந்தார், பூன் ஃபூக் லோக் இருந்தார். பயிற்றுநர் ஹோ கோ சாய். அந்தக் காலத்தில் ஆட்டம் 70 நிமிடம். 65ஆவது நிமிடம் வரை மலேசியா 2-1 என்று முன்னால் நின்றது. ஐந்தே நிமிடம் தாக்குப்பிடித்தால் உலகக் கிண்ண இறுதியாட்டம்! அப்போது அதுவரை வெளியே உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கானை இந்தியா உள்ளே இறக்கியது. வந்தார், பெனால்டி கார்னரை அடித்தார், சமன் ஆனது. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் மூன்றாவது கோலைப் போட்டார். 3-2. இந்தியா இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று கிண்ணத்தை எடுத்துச் சென்றது. மலேசியா நான்காவது இடம். இன்றுவரை உலகக் கிண்ணத்தில் நமக்கு அதுவே சிறந்த இடம்.

அந்த ஆண்டுகளில் தோட்டத்தில் வாழ்ந்தவர்களின் நிலைமை இளைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்று வந்தது. பல்லாயிரம் பேர் மூட்டை கட்டிக் கப்பல் ஏறினார்கள். ஒரே லயத்தில் ஒரு வீட்டில் நீலக் கார்டு, அடுத்த வீட்டில் சிவப்புக் கார்டு. நீ எந்த நாட்டுக்காரன் என்ற கேள்வியைக் கடுதாசி கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் இந்தியாவும் மலேசியாவும் நேருக்கு நேர் நின்றால், தாத்தா ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம் என்று வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி ஆகாதா?

ஆட்டத்துக்கு முன்னால் யார் பக்கம் என்று கேட்டால் ஆயிரம் பதில் சொல்லலாம். "நல்லா ஆடறவன் ஜெயிக்கட்டும்" என்றுகூடச் சொல்லலாம். வெற்றி பெற்ற பிறகு கேட்டால் எல்லாருமே நம் பக்கம்தான். தோற்ற அன்று இரவு மட்டும் பொய் சொல்ல முடியாது. யார் தோற்றதால் உனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லையோ, அந்த அணிதான் உன் அணி. எந்த அலுவலகத்து முத்திரையும் தராத அத்தாட்சி அது. இந்த மண்ணில் பால்மரம் வெட்டிய ஒருவருக்கு, தன் பிறந்த ஊரின் அணி வென்றும் மனம் நிறையாமல், சண்முகநாதனும் பூன் ஃபூக் லோக்கும் தலை குனிந்து வெளியேறியதற்காகக் கண் கலங்கியிருந்தால், அவர் எந்த நாட்டுக்காரர் என்று இனி யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டாம்.

2023 ஆகஸ்ட் 12இல் இதே கதை சென்னையில் நடந்தது. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கிண்ண இறுதியாட்டம். இடைவேளையில் மலேசியா 3-1 முன்னிலை. மூன்றாம் பகுதி முடிகிற நேரத்தில் இந்தியா ஒரே நிமிடத்தில் இரண்டு கோல் போட்டது. 56ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் நான்காவதைப் போட்டார். 4-3. தமிழ் பேசும் ஊர், தமிழ் பேசும் கூட்டம், எழுந்து நின்று கைதட்டுகிறது. இங்கே நாம் தமிழ் பேசிக்கொண்டே வாய் மூடி உட்கார்ந்திருந்தோம். மொழி ஒன்றுதான். வலி நம்முடையது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சரி, இந்த வலியை என்ன செய்வது? பால் வெட்டியவர்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லப் போவதில்லை. விடியற்காலையில் எழுந்து, பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து, முந்நூறு மரம் நானூறு மரம் வெட்டி முடித்த நேரத்தில் மழை பிடித்துக்கொள்கிறது. மங்கில் இருந்த பால் எல்லாம் தண்ணீரோடு வழிந்து தரையில் ஓடுகிறது. அன்றைய உழைப்பு போச்சு. வயிறு எரியாதா? எரியும். வானத்தைப் பார்த்து நாலு வார்த்தை திட்டினாலும் தப்பில்லை. ஆனால் அந்தக் கோபத்தை மறுநாள் கத்தியில் காட்டக்கூடாது. கோபத்தில் வெட்டினால் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் படும். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. ஒரு நாள் மழை ஒரு நாள் பாலைத்தான் எடுத்தது. நம் கோபம் பல வருஷத்துப் பாலை எடுத்துவிடும்.

ரசிகனுக்கும் இதுதான். முதலில், தோற்றோம் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எத்தனைக்கு எத்தனை என்ற கணக்கோடு. 6-6, பிறகு 1-3. சொல்லிவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். இரண்டாவது, வருத்தப்பட அந்த ஒரு ராத்திரியை எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது, ஒரே ஆளின் தலையில் பழியைப் போடக்கூடாது. பதினொரு பேர் ஆடிய ஆட்டம் அது. நான்காவது, அந்த எரிச்சலை வீட்டுக்குள் கொண்டு போகக்கூடாது. ஜப்பான்காரன் கோல் போட்டதற்கு மனைவியும் பிள்ளைகளும் ஏன் ஏச்சு வாங்க வேண்டும்? ஐந்தாவது, அடுத்த ஆட்டத்துக்குப் போக வேண்டும்.

போனால் வெற்றி வருமா? வந்தவர்கள் உண்டு. 1973 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியா நெதர்லாந்துக்கு எதிராக 2-0 என்று முன்னால் நின்று, 2-2 ஆகி, பெனால்டியில் தோற்றது. இரண்டு வருஷம் கழித்துத்தான் கோலாலம்பூரில் கிண்ணம் எடுத்தது. 2018இல் நம்மிடம் தோற்ற அணியின் தலைவரும் கோல்காவலருமான ஸ்ரீஜேஷ், 2021இல் தோக்கியோவில் 41 வருஷத்துக்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த ஹாக்கிப் பதக்கத்தில் பங்கு பெற்றார்.

ஆனால் எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று நான் உங்களிடம் சொல்ல மாட்டேன். ஜகார்த்தா தோல்விக்குப் பிறகு 2019இல் லண்டனில் பிரிட்டனோடு ஒலிம்பிக் தகுதியாட்டம் ஆடினோம், இரண்டிலும் தோற்றோம். 2022 ஆசியக் கிண்ண இறுதியில் தென் கொரியாவிடம் 1-2. 2023இல் சென்னை. அடுத்த தடவை நிச்சயம் என்று சொல்லிச் சொல்லி நம் வாய் வலித்துப் போனது. அப்படியிருந்தும் ஈப்போ அரங்கில் நாற்காலி காலியாக இல்லை. பலன் நிச்சயம் என்பதற்காக அவர்கள் வருவதில்லை. நம்ம பசங்க ஆடுறாங்க, அவ்வளவுதான். அந்தப் பற்றைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பெற்றோர்களே, இப்போது கொஞ்சம் வீட்டுக் கதைக்கு வருவோம். நம் ஒவ்வொரு வீட்டிலும் நமக்கென்று ஓர் அணி ஆடிக்கொண்டிருக்கிறது. இரண்டு பிள்ளைகளோ மூன்று பிள்ளைகளோ கொண்ட அணி. அந்த அணிக்கு முதல் ரசிகர்கள் நீங்கள். ரிப்போர்ட் கார்டில் சிவப்பு மை தெரிந்த அன்று நீங்கள் யார் பக்கம்? "உன்னைப் படிக்க வச்சதே வீண், பேசாம வேலைக்குப் போ" என்று ஒரு வார்த்தை வாய் தவறி வந்துவிட்டால், அது மரத்தில் பட்ட கத்தி. பிள்ளை எதிர்த்துப் பேசாது. பேசாமல் இருப்பதைப் பார்த்து மறந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். பட்டை முடிச்சாக வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு நாள் புத்தகப் பையைக் கழற்றி மாட்டிவிட்டுப் போய்விடும்.

மார்க் குறைந்தால் குறைந்தது என்று கணக்கோடு சொல்லுங்கள், மழுப்ப வேண்டாம். எந்தப் பாடத்தில் தவறியது என்று கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால், "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். தோற்ற அணியைத் திட்டிக்கொண்டாவது மறுபடி அரங்குக்குப் போகிற நாம், சொந்தப் பிள்ளையின் அடுத்த ஆட்டத்துக்குப் போகாமல் இருக்கலாமா?

மாணவச் செல்வங்களே! பரிசு வாங்கும் தம்பி தங்கைகளுக்கு என் வாழ்த்து. உழைத்தீர்கள், பெற்றீர்கள், அடுத்த வருஷமும் வாருங்கள். பரிசு வாங்காத தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தோழன் மேடை ஏறும்போது பலமாகக் கைதட்டுங்கள். மனசு கொஞ்சம் வலிக்கும். வலிக்கட்டும். உங்களுக்கும் அந்தப் பரிசு வேண்டும் என்று ஆசை இருந்ததால்தான் வலிக்கிறது. ஆசை உயிரோடு இருக்கிறவன் திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட மணி அடிக்கும்போது வரிசையில் நிற்பான். நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.