சம்பள நாளும் கடன் கணக்கும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் பேசியது)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம், போனஸைப் பற்றிப் பேசுவோம். வாங்கிய சம்பளம் மூன்றாம் நாளே எங்கே போயிற்று என்று பேச மட்டும் நமக்குக் கூச்சம். இன்று அந்தக் கூச்சத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுப் பேச வேண்டும் என்று செயற்குழு கேட்டுக்கொண்டது. ஆகவே இங்கே நிற்கிறோம்.

கடன் நமக்குப் புதியதல்ல. கங்காணி ஊருக்குப் போய் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்த நாளிலேயே அது நம் பாட்டனாரோடு கப்பல் ஏறிவிட்டது. 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தொழிலாளரை இங்கே அனுப்புவதைத் தடை செய்தது. கங்காணி முறை அத்தோடு போயிற்று, கடன் போகவில்லை. கடைப் பற்றுப் புத்தகத்துக்குள் குடியேறிக்கொண்டது. சம்பள நாளன்று தோட்ட வாசலில் கடைக்காரர், துணிக்காரர், வட்டிக்காரர் என்று வரிசையாக நின்ற காட்சியை இங்கிருக்கும் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சம்பள மேசையில் உட்கார்ந்திருந்த கிராணிமார் இனமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நம்மிலும் சிலர் ஒரு கையில் செக்ரோலும் மறு கையில் வட்டிக் கணக்கும் வைத்திருந்தது உண்டு. வெட்கப்பட வேண்டிய செய்திதான்.

இப்பொழுது சம்பளம் வங்கிக்குப் போகிறது. வாசலில் வட்டிக்காரர் நிற்பதில்லை. அவர் ஏன் நிற்க வேண்டும்? நம் வங்கி அட்டைதான் அவர் சட்டைப் பையில் இருக்கிறதே!

நம் தோட்டத்துத் தோழர் ஒருவரின் கணக்கை, அவர் அனுமதி பெற்றுச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். மகளின் சடங்குக்கு ஆயிரம் வெள்ளி கேட்டார். செலவு என்று நூறு வெள்ளியைப் பிடித்துக்கொண்டு தொள்ளாயிரம் கையில் கொடுத்தார்கள். மாதம் நூறு வெள்ளி வட்டி. ‘முதலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறேன்’ என்றதற்கு, ‘முழுசாகக் கொண்டுவா, இல்லையேல் வட்டியைக் கட்டு’ என்றார்கள். வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெற்றுத்தாளில் ஒரு கையெழுத்து. அவருக்கென்று ஒரு துண்டுக் காகிதம்கூடக் கொடுக்கவில்லை.

பதினான்கு மாதத்தில் அவர் கட்டியது 1,400 வெள்ளி. பாக்கி எவ்வளவு? அதே ஆயிரம். இலையுதிர் காலத்தில் பால் குறைந்து, பிறகு மழை பிடித்து வேலை கெட்டபோது இரண்டு மாதம் தவறியது. உடனே வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக அஞ்சினார்கள். தோழர் பிரட்டுக்கு வருவதை நிறுத்தினார். அப்பொழுதுதான் நமக்கே விஷயம் தெரிந்தது.

தோழர்களே, இந்நாட்டில் 1951-ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. உரிமம் பெற்றவர், ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. ஈடு இருந்தால் பன்னிரண்டு. கணக்குப் போடுங்கள். ஆயிரம் வெள்ளிக்கு ஓராண்டு வட்டி 180 வெள்ளி. முதலும் வட்டியும் 1,180. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 98 வெள்ளி 33 காசு. நம் தோழர் மாதாமாதம் கட்டியதோ நூறு வெள்ளி! சட்டப்படியான கடனாக இருந்திருந்தால் அந்தப் பணத்திலேயே பன்னிரண்டாம் மாதம் கடன் தீர்ந்திருக்கும்.

உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவது குற்றம். கொடுத்தவர்தான் குற்றவாளி, வாங்கியவர் அல்ல. அவருடைய ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லாது. இது தெரியாமல்தான் நம்மவர் போலீசுக்குப் போக அஞ்சுகிறார்கள். ‘நம்மையே உள்ளே போட்டுவிடுவார்கள்’ என்று ஆலோங் சொன்னதை வேதவாக்காக நம்பிவிடுகிறார்கள். உரிமம் உள்ளவரோ, பணம் கொடுக்குமுன் முத்திரை ஒட்டிய ஒப்பந்தத்தின் பிரதியை நம் கையில் கொடுத்தாக வேண்டும். கொடுக்கவில்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தோட்ட நிர்வாகத்திடம் முன்பணம் கேட்பதிலும் வெட்கம் வேண்டாம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி முதலாளி முன்பணத்துக்கு வட்டி வாங்கக்கூடாது. பொதுவாக அது முந்தின மாதச் சம்பளத்துக்கு மேற்படக்கூடாது. வீடு நிலம் வாங்குவது போன்ற சில காரியங்களுக்கு விலக்கு உண்டு. சம்பளத்தை இன்ன கடையில்தான் செலவழிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் அதே சட்டம் இடம் கொடுக்கவில்லை.

கடைக்காரரை ஆலோங்கோடு சேர்த்துப் பேசுவது நியாயமல்ல. சம்பளம் வராத மாதத்திலும் அரிசி கொடுத்தவர் அவர். அவரிடம் நாம் செய்யும் தவறு, பாக்கி ஏறியதும் வேறு கடைக்குப் போய்விடுவதுதான். நேரில் போய், ‘ஐயா, இந்த மாதச் சாமானுக்கு ரொக்கம், பழைய பாக்கிக்கு மாதம் இவ்வளவு’ என்று தொகையைச் சொல்லுங்கள். கட்ட முடிந்த தொகையாகச் சொல்லுங்கள். பெரிதாகச் சொல்லி இரண்டாம் மாதம் ஓடி ஒளிவதைவிட ஐம்பது வெள்ளியானாலும் தவறாமல் கொடுப்பதற்கு மதிப்பு அதிகம். பற்றுப் புத்தகம் அவரிடம் ஒன்று, நம்மிடம் ஒன்று இருக்கட்டும்.

வங்கிக் கடன், மோட்டார் சைக்கிள் தவணை, கடன் அட்டை என்று பல இடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஏ.கே.பி.கே. என்ற அமைப்பு இருக்கிறது. 2006-ஆம் ஆண்டில் பேங்க் நெகாரா ஏற்படுத்தியது. ஆலோசனைக்குக் காசு இல்லை. நம் வருமானத்தைப் பார்த்து, வங்கிகளோடு பேசித் தவணையைத் திருத்தி அமைத்துக் கொடுப்பார்கள். அதே வேலைக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்டுத் தொலைபேசியில் கூப்பிடுகிறவர்கள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. திவால் என்றால் நடுங்குகிறோம். ஒரு இலட்சம் வெள்ளிக்குக் குறைந்த கடனுக்கு இப்பொழுது ஒருவரைத் திவாலாக்க முடியாது.

சகோதரிகள் சிலர் ‘கூட்டு கட்டுவது பரவாயில்லையா’ என்று கேட்டிருந்தார்கள். கூட்டு நடத்துவதை 1971-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. தலைவி பணத்தோடு மறைந்துவிட்டால் யாரிடம் முறையிடுவது? சேர்ந்து சேமிக்கத் தெரியாதவர்கள் அல்லர் நாம். 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கியவர்கள் நம் பால்வெட்டுத் தொழிலாளர்கள். பதிவு பெற்ற கூட்டுறவில் போடுங்கள்.

அந்தத் தோழரின் கதையை முடித்துவிடுகிறோம். செயற்குழுவினர் மூவர் அவரோடு போலீஸ் நிலையம் போனோம். புகார் எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் வங்கியில் பழைய அட்டையை இரத்துச் செய்து புதியது வாங்கினார். ஆலோங்கின் ஆள் இரண்டு தடவை லயத்துக்கு வந்தான். இரண்டு தடவையும் பத்துப் பேர் வாசலில் நின்றோம். புகாரின் பிரதியைக் காட்டினோம். அதற்குப் பிறகு இதுவரை வரவில்லை. இனியும் வரமாட்டான் என்று உறுதி கூறுவதற்கில்லை. ஆகையால் இரவில் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறோம். அந்த மாதச் சம்பளம் முழுதாக அவர் கைக்கே வந்தது. அவர் மனைவி கடைக்குப் போய்ப் பழைய பாக்கியில் எண்பது வெள்ளி கொடுத்து, இரண்டு புத்தகத்திலும் வரவு எழுதும் வரையில் நின்று பார்த்துவிட்டு வந்தார்.