வறண்ட காற்றில் ஒட்டுக்கன்று பிழைக்கும் வகை

(திருத்தங்கல் ஐக்கிய நாணயச் சங்க அங்கத்தினர்களிடையே நிகழ்த்திய பிரசங்கம்)



வீட்டுக் கொல்லையிலும் தோட்டத்திலும் பழமரங்களை நாமே ஒட்டுக் கட்டுவது பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி சங்கத்தார் கேட்டுக்கொண்டனர். ஒட்டுக் கட்டும் கிரமத்தை உங்களில் அநேகர் அறிவீர்கள். கத்தி பிடித்துப் பார்த்தவர்களும் இருக்கிறீர்கள். கட்டியவற்றில் பாதிகூடப் பிழைப்பதில்லை என்பதே பொதுவாய்க் கேட்கும் குறை. ஆகவே கட்டுவதைக் காட்டிலும் பிழைக்கச் செய்வதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

இதில் நமக்குள்ள லாப நஷ்டம் யாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழத்தைத் தின்று அதன் கொட்டையைப் புதைத்தால் முளைப்பது சப்பட்டையாகவே இருக்கும் என்ற நிச்சயம் இல்லை. நம் தேசத்து மாவகைகளில் மிகுதியானவற்றின் கொட்டையில் இருப்பது ஒரே கரு. அது பூவில் இரு மரங்களின் கலப்பால் உண்டானது. தாயின் குணம் மாறாமல் வருவதற்குத் தாயின் கிளையே வேண்டும். நம் ஜில்லாவில் நல்ல கிழமரங்கள் பல, மனைப்பிரிவுக்காகவும் சாலை விரிவுக்காகவும் வெட்டப்படுகின்றன. ஒட்டெடுக்காமல் வெட்டப்பட்ட மரத்தின் ருசி அன்றோடு போயிற்று. எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்பக் கிடையாது. மேலும், தெருவில் கூவி விற்கப்படும் கன்றுகளில், நாற்றின் தண்டைக் கீறி ஒட்டுப்போட்ட தழும்புபோல் காட்டி விற்பவையும் உண்டு. அந்த வஞ்சகம் காய்ப்புக் காலத்தில்தான் வெளிப்படும். அதற்குள் நாலைந்து வருஷத்துத் தண்ணீரும் எருவும் வீணாகிவிடும்.

இனி நம் ஊரின் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1922-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து, 1923-இல் இங்கே தொடங்கினர் என்பது யாவரும் அறிந்தது. அத்தொழிலும் பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் இங்கே வேரூன்றியதற்கு நம் வறண்ட காற்று ஒரு முக்கிய காரணம். குச்சியில் தோய்த்த மருந்தைச் சீக்கிரம் உலர்த்திக் கொடுக்கும் அதே காற்று, நாம் வெட்டிவந்த மாங்குச்சியையும் அதே வேகத்தில் உலர்த்திவிடுகிறது! கொங்கணக் கரையில் சுலபமாய்ப் பிழைக்கும் ஒட்டு நம் கரிசல் பூமியில் கருகுவதற்குக் கைத்திறமைக் குறைவைவிட இதுவே பெரிய காரணம்.

ஒட்டின் உள்ளே நடப்பதைக் கவனியுங்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வழுவழுப்பான மெல்லிய படலம் ஒன்று உண்டு. மரம் பருப்பது அதனால்தான். வேர்ச்செடியின் படலமும் ஒட்டுக்குச்சியின் படலமும் ஒன்றையொன்று தொட்டால், இரண்டும் வெண்மையான இளந்தசையை உண்டாக்கி ஒன்றாய்ப் பின்னிக்கொள்ளும். அதன் பிறகே நீர் செல்லும் குழாய்கள் இணையும். இதற்கு ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று வாரம் பிடிக்கும். அதுவரை ஒட்டுக்குச்சிக்கு வேரிலிருந்து நீர் கிடைப்பது மிகவும் சொற்பம். தன் உடம்பிலுள்ள ஈரத்தைக் கொண்டே அது உயிர் வாழ வேண்டும். இந்த மூன்று வாரத்தைக் கடத்திவிடுவதே நம் ஊரில் ஒட்டுக்கட்டும் வித்தை.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் கையாண்ட நெருக்கு ஒட்டில், தொட்டியில் வளர்ந்த ஓராண்டு நாற்றைத் தாய்மரத்தருகே பரண் கட்டி ஏற்றி, நாற்றின் தண்டிலும் தாய்க்கிளையிலும் இரண்டு அங்குல நீளம் சீவி, இரண்டையும் பொருத்தி வாழைநாரால் கட்டி, மேலே மண்ணும் சாணமும் பூசினர். கிளையைத் தாயிலிருந்து உடனே அறுப்பதில்லை. இரண்டு மூன்று மாதம் அது தாய்ப்பாலைக் குடித்துக்கொண்டே புது வேரோடு சேரும்; பின் முதலில் பாதியளவு வெட்டி, சில நாள் பொறுத்து முழுதும் அறுப்பர். காற்று எவ்வளவு வறண்டிருந்தாலும் இந்த முறை கைவிடாது. ஆனால் பரணும், நாள்தோறும் ஏறித் தண்ணீர் விடும் ஆளும் வேண்டும். ஒரு மரத்தில் கட்டக்கூடியவையும் கொஞ்சமே. வெட்டப்படப்போகும் ஒரே ஒரு அருமையான மரம் இருந்து, மூன்று மாதம் தவணையும் இருந்தால், இன்றைக்கும் நான் இதையே சிபாரிசு செய்வேன்.

தவணை இல்லாதபோதும், பல கன்றுகள் வேண்டும்போதும் இளந்தண்டு ஒட்டே ஏற்றது. கொட்டை நெடுநாள் காய்ந்தால் முளைப்புத் திறனை இழந்துவிடுமாதலால், ஆனி மாதம் பழம் தின்றவுடனே ஊன்றிவிடுங்கள். ஐப்பசியில் நாற்று செம்பு நிறத் தளிர்விடும். அந்தத் தளிர்த்தண்டில்தான் ஒட்ட வேண்டும். ஒட்டுக்குச்சி மூன்று நான்கு மாத வயதுடையதாய், நாற்றின் பருமனுக்கு ஒத்ததாய், நுனிமொட்டு பருத்து விரியாத நிலையில் இருத்தல் அவசியம். இதற்கொரு முன்னேற்பாடு உண்டு. குச்சியை வெட்டுவதற்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே, மரத்தில் இருக்கும்போதே, அதன் இலைகளைக் காம்பு மட்டும் மிஞ்சும்படி நறுக்கிவிட வேண்டும். இலைதான் ஈரத்தை வெளியே விடும் வாய், அதை அடைத்துவிட்டோம். நுனிமொட்டும் அந்நாட்களில் பருத்துத் தயாராகும். இந்த ஒரு காரியத்தைச் செய்யாமல் விடுவதனாலேயே வீடுகளில் பாதி ஒட்டுக்கள் போகின்றன என்பது என் அபிப்பிராயம்.

குச்சிகளைக் காலையில் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, நிழலில் கொண்டுவந்து அன்றைக்கே கட்டிவிடுங்கள். பேருந்தில் மடியில் வைத்து வெயில்படக் கொண்டுவந்த குச்சியை எந்தக் கத்தியாலும் பிழைப்பிக்க முடியாது. நாற்றின் தலையை வெட்டி நடுவே ஒன்றரை அங்குலம் பிளந்து, குச்சியின் அடியை இருபுறமும் ஆப்புப்போல் சீவிச் செருக வேண்டும். சவரக்கத்திபோன்ற கூர்மையுள்ள கத்தியால் ஒரே இழுப்பில் சீவுங்கள். இரண்டு மூன்று முறை சுரண்டினால் பரப்பு மேடுபள்ளமாகும். சீவிய இடத்தில் விரல் படலாகாது. குச்சி மெலிந்தும் நாற்று பருத்தும் இருந்தால் நடுவில் வைக்காமல், ஒரு பக்கத்துப் பட்டை பட்டையோடு நேராய்ச் சேரும்படி ஒதுக்கி வையுங்கள். பிறகு பாலிதீன் நாடாவால் கீழிருந்து மேலாக இறுகச் சுற்றுங்கள். கடைசியாக, குச்சி முழுவதையும் மூடும்படி நீண்ட பாலிதீன் பையைக் கவிழ்த்து, ஒட்டுக்குக் கீழே கட்டிவிட வேண்டும். அந்தப் பையினுள்ளே கொங்கணக் கரையின் காற்றை நாம் சிறைப்படுத்திவிடுகிறோம். ஆனால் வெயிலில் வைத்தால் அதுவே அடுப்பாகும். ஆகையால் ஓலைப் பந்தலின்கீழ் வைக்க வேண்டும். தளிர் அரை அங்குலம் வந்தபின், ஒரு மாலை வேளையில் பையை எடுங்கள்.

காலம் பற்றி ஒரு வார்த்தை. பல புஸ்தகங்கள் ஆடி, ஆவணி என்று சொல்லும். அது தென்மேற்குப் பருவமழை கொட்டும் சீமைக்குப் பொருந்தும். நம் ஆடிக்காற்றோ அம்மியைப் பறக்கவிடுவது, ஒட்டுக்குச்சி எம்மாத்திரம்? இந்த ஜில்லாவின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர்; அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. புரட்டாசி மழை தொடங்கியதிலிருந்து கார்த்திகை நடுவரை மாவை ஒட்டலாம். மார்கழிக்குத் தள்ளினால் குச்சிகள் தளிருக்குப் பதிலாகப் பூவைத் தள்ளும். தீபாவளி கழிந்து பட்டாசு ஆலைகள் சில வாரம் ஓய்ந்திருப்பதும் இதே காலம்தான். திரியும் தாளும் சுற்றிப் பழகிய நம் பெண்மக்களின் விரல்களுக்கு நாடா சுற்றக் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை.

மா நட நீர்வசதி இல்லாதவர்கள் மனந்தளர வேண்டாம். நம் வரப்புகளில் யாரும் வைக்காமலே முளைத்திருக்கும் காட்டிலந்தையைப் பாருங்கள். அதன் ஆணிவேர் ஆழத்திலுள்ள ஈரத்தைத் தேடி இறங்கிவிட்டது. அந்த வேரைப் பெயர்க்காமல், இருந்த இடத்திலேயே உம்ரான், பனாரசி, கோலா முதலிய பெரும்பழ ஜாதிகளின் மொட்டைப் பதித்தால் மானாவாரியிலேயே நல்ல பழம் பெறலாம். பங்குனியில் செடியைத் தரையிலிருந்து ஓரடி விட்டு வெட்டிவிடுங்கள். துளிர்க்கும் கிளைகளில் திடமான இரண்டு மூன்றை மட்டும் நிறுத்துங்கள். அவை பென்சில் பருமனாகி, மழை கண்டு, பட்டை கட்டையை விட்டுச் சுத்தமாய்க் கழலும்போது மொட்டுக் கட்டலாம். கத்திமுனையால் நெம்பும்போது பட்டை நாராய்க் கிழிந்தால் அன்றைக்குக் கட்டாதீர்கள். தண்ணீர் விட்டுச் சில நாள் காத்திருங்கள்.

பட்டையில் குறுக்கே ஒரு கீறலும், அதன் நடுவிலிருந்து கீழே ஓரங்குலக் கீறலும் இட்டு, இரு உதடுகளையும் விலக்கி, கேடயம்போல் எடுத்த மொட்டை உள்ளே இறக்கி, மொட்டின் கண் மட்டும் வெளியே தெரியச் சுற்றுங்கள். மொட்டடியில் இலைக்காம்பைச் சிறிது விட்டிருப்பீர்கள் அல்லவா? இரண்டு மூன்று வாரம் சென்று அதை விரலால் தொடுங்கள். தொட்டவுடன் உதிர்ந்து, மொட்டும் பச்சையாய் இருந்தால் பிடித்துக்கொண்டது. காம்பு வற்றி ஒட்டிக்கொண்டு நின்றால் போயிற்று. போனால் அதே கிளையின் மறுபக்கத்தில் மறுபடி கட்டலாம். ஒட்டுக்குச்சிபோலன்றி, மொட்டு ஒட்டில் நஷ்டம் சொற்பமே. காட்டிலந்தை இல்லாத இடத்தில் கொட்டையை நிலத்திலேயே ஊன்றுங்கள். கடின ஓட்டை மெதுவாய் உடைத்துப் பருப்பை எடுத்து ஊன்றினால் ஒரு வாரத்திலேயே முளைக்கும். ஓட்டோடு போட்டால் மூன்று நான்கு வாரம் ஆகும்.

நெல்லியையும் இவ்வாறே நாட்டு நெல்லி நாற்றில் மொட்டுக் கட்டலாம். ஒரே ஜாதியாய் வைக்காமல் இரண்டு ஜாதி கலந்து வைத்தால் காய்ப்பு நன்றாயிருக்கும். சப்போட்டாவுக்குப் பாலைமரக் கன்றே சிறந்த வேர்ச்செடி. அது மெதுவாய் வளர்வதால் பொறுமை வேண்டும். மாவைப் பலாவில் ஒட்டியதாய்ச் சொல்பவர்களை நம்பாதீர்கள். பனைக்கும் தென்னைக்கும் நான் முன்பு கூறிய வளரும் படலம் இல்லையாதலால், அவற்றை இவ்விதம் ஒட்டவே முடியாது.

பிடித்தபின்பும் மூன்று காரியம் உண்டு. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளைக்கும் துளிரை வாரந்தோறும் கிள்ளிவிட வேண்டும். விட்டுவைத்தால் அதுவே தலையெடுத்து ஒட்டைக் கொன்றுவிடும். இரண்டு மூன்று மாதத்தில் நாடாவை அவிழ்க்காவிட்டால் தண்டை இறுக்கி முறிக்கும். நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும்.

தாய்மரத்தை நன்கு அறிந்து எடுப்பதற்குச் சங்கம் உதவலாம். எந்த வீட்டில் எந்த மரம், எத்தனை வருஷமாய் எப்படிக் காய்க்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால், குச்சி வேண்டுவோர் தரகரைத் தேடி அலைய வேண்டியதில்லை. நல்ல கத்தி நாலைந்து வாங்கிச் சங்கத்தில் வைத்து முறைபோட்டுக் கொடுக்கலாம். ஜாதிகளைப் பற்றிய சந்தேகங்களுக்கு அருப்புக்கோட்டைக் கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் உள்ளது. மானாவாரிப் பழமரங்களில் அவர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு, ஏ.பி.கே. 1 என்ற சீத்தா அங்கிருந்தே வந்தது.

கேள்விகள் உள்ளவர்கள் இப்போது கேட்கலாம். அதன்பின், இலை நறுக்கிப் பத்து நாளான மாங்குச்சிகள் ஈரச்சாக்கில் வைத்திருக்கின்றன. திண்ணை நிழலில் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டாகக் கட்டிப் பார்ப்போம்.