பப்பாளிப் பாலும் குடற்புழுவும்

பப்பாளிக் காயைக் கீறினால் வடியும் பால் குடற்புழுவைக் கொல்லும் என்பார்கள். உண்மைதானா? சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனின் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாட்டைப்புழு தொற்றிய சுண்டெலிகளுக்கு அந்தப் பாலில் உள்ள நொதிகளைக் கொடுத்தார்கள். புழுக்கள் குறைந்தன. அந்த நொதிகள் புழுவின் மேல்தோலையே செரித்துவிடுகின்றன. இத்தகைய சோதனையில் மருந்து தராத இன்னொரு எலிக்கூட்டமும் வேண்டும். ஏனென்றால், எலியின் உடம்பே சில புழுக்களை வெளியே தள்ளிவிடும். ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால், தானாக விலகும் சளிக்குக் கடைசி நாள் குடித்த கஷாயம் பேர் வாங்கிய கதைதான்.

பாட்டி வைத்தியத்துக்குச் சோதனை எதற்கு என்று கேட்கலாம். பாட்டி சொன்னது வழியைக் காட்டியது. எவ்வளவு கொடுக்கலாம், எவ்வளவு கொடுத்தால் வயிறு புண்ணாகும் என்பதைச் சோதனைதான் சொல்லும். எலி வேறு, மனிதர் வேறு என்பீர்கள். சரிதான். அதனால்தான் எலியிடம் கிடைத்த வெற்றி முதல் படி மட்டுமே. ஆகவே குழந்தைக்கு வீட்டில் பப்பாளிப் பாலைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தரும் குடற்புழு நீக்க மாத்திரை மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது. அதைக் கொடுங்கள். இயற்கையானது என்பதாலேயே எதுவும் மருந்தாகிவிடாது. சோதித்த பிறகே அது மருந்து.