குப்பை யார் கைக்குப் போகிறது?

தோழர்களே, வங்கியில கணக்கு எழுதுறவன் நான். குப்பைக்கும் ஒரு கணக்கு இருக்கு. வீட்டில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால், பிரிக்கும் வேலை இன்னொரு கைக்குப் போகிறது. அது பெரும்பாலும் சேரிக் கை. துப்புரவுப் பணியாளரை 2020இல் 'தூய்மைப் பணியாளர்' ஆக்கியது தமிழக அரசு. பெயர் மாறியது, கை மாறவில்லை. உடைந்த கண்ணாடியும் பிளேடும் அந்தக் கையைத்தான் கிழிக்குது.

மக்குவது, மக்காதது, அபாயமானது என வீட்டிலேயே பிரிக்கச் சொல்லின 2016 விதிகள். எத்தனை வீட்டில் நடந்தது? கடைக்குத் துணிப்பை, தூக்குவாளி கொண்டு போங்க. காய்த்தோலை மண்ணுக்குக் கொடுங்க. பிளேடைத் தாளில் சுற்றித் தனியா வையுங்க. இதையும் பெண்கள் தலையில கட்டாதீங்க, ஆம்பளைங்க செய்யணும்.

நிரந்தர வேலையும் கையுறையும் கேட்டு அவங்களோட தெருவில நிற்போம். அதுக்கு முன்னாடி நம்ம வாளியைப் பிரிச்சு வைப்போம்.