மாற்று அச்சு: ஒரு உப்பு லாரியிலிருந்து நெட் கணக்கு

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டு, வாசிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோடை நான் மரக்காணத்தில், எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பதிவு பண்றேன். பின்னாடி ஈசிஆரில் பஸ் போற சத்தம் கேட்டால் பொறுத்துக்கங்க.

நான் லாரி ஓட்டுகிறவன். சொந்த வண்டி, ஒரே வண்டி. இங்கேயிருந்து உப்பு ஏற்றிக்கிட்டுப் போவேன், வரும்போது கிடைத்த லோடை ஏற்றிக்கிட்டு வருவேன். மாசத்தில் இருபது நாள் ரோட்டில்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். அதனால் டீக்கடையில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்வி: "அண்ணே, ஊரு ஊரா சுத்துறீங்களே, எந்த சிம் நல்லா எடுக்குது?"

இன்னைக்கு அதுக்குத்தான் பதில். ஆனால் கம்பெனி பேர் சொல்லப் போறதில்லை. ஏன்னு கடைசியில் உங்களுக்கே புரியும்.

முதல்ல, லாரிக்காரனுக்கு எதுக்கு நெட்? பாட்டு கேட்க, படம் பார்க்கன்னு நினைக்கிறாங்க. அது கடைசி. உப்புக்கு ஜிஎஸ்டி இல்லை, அதனால் போகும்போது இ-வே பில் தொல்லை இல்லை. திரும்பி வர்ற லோடுக்கு உண்டு. அந்த பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்னு கணக்கு. வழியில் வண்டி ரிப்பேர் ஆகி நின்னுட்டால், பில் முடியறதுக்கு முன்னாடி 8 மணி நேரம், முடிஞ்ச பின்னாடி 8 மணி நேரம், அதுக்குள்ள நீட்டிக்கணும். அந்த நேரத்தில் சிக்னல் இல்லைன்னா செக்கிங்கில் மாட்டி அபராதம் கட்டணும். அடுத்தது ஃபாஸ்டேக். 2025 நவம்பர் 15-ல் வந்த விதிப்படி, டேக் வேலை செய்யலைன்னா ரொக்கமா கட்டினவங்களுக்கு ரெண்டு மடங்கு, யுபிஐயில் கட்டினவங்களுக்கு ஒன்றேகால் மடங்கு. அதாவது டோல்கேட்டில் நெட் இருக்கா இல்லையாங்கறதுக்கே ஒரு விலை இருக்கு. அப்புறம் புரோக்கர் லோடு அனுப்பறது, வாடகை பணம் வர்றது, டீசலுக்குப் பணம் போடறது, எல்லாம் போனில்தான்.

சரி, எப்படித் தேர்ந்தெடுக்கறது? எனக்கு வண்டி ஓட்டி ஓட்டித் தெரிஞ்சதைச் சொல்றேன்.

எந்தக் கம்பெனி நல்லதுன்னு கேட்காதீங்க. எந்த ரோட்டில், எந்த இடத்தில், எத்தனை மணிக்குன்னு கேளுங்க. நான் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி ஒரு மாசம் எழுதினேன். நிறுத்தற இடம் ஒவ்வொன்னுக்கும் ஒரு வரி. திண்டிவனம் தாண்டி எங்க வண்டி நிறுத்துவேனோ அங்கே, டீசல் போடற பங்கில், லோடு இறக்கற குடோனில், தூங்கற இடத்தில். காலையில் எப்படி, ராத்திரி எட்டு மணிக்கு எப்படி. ஒரே டவர்தான், காலையில் ஓடும், ராத்திரி எட்டு மணிக்கு ஊரே போனைத் திறக்கும்போது படுத்துடும். போனில் கோடு நாலு காட்டும், ஆனால் ஒரு போட்டோ போகாது. கோடு சிக்னலோட பலத்தைத்தான் சொல்லும், நெரிசலைச் சொல்லாது. பெருமாள் கோயில் திறந்துதான் இருக்கு, உள்ளே போக முடியலை, அந்த மாதிரி.

இன்னொரு சின்ன வித்தை. போன் செட்டிங்கில் நெட்வொர்க் ஆபரேட்டர்னு இருக்கும். அதில் தானாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்திவிட்டு, தேடச் சொன்னால், அந்த இடத்தில் எந்தெந்தக் கம்பெனி டவர் எட்டுதுன்னு பட்டியல் வரும். உங்ககிட்ட அந்தக் கம்பெனி சிம் இருக்கணும்னு அவசியமில்லை. பார்த்துட்டு மறக்காம மறுபடி தானியங்கிக்கு மாத்திடுங்க. இப்போ டிராய் விதிப்படி கம்பெனிகள் தங்கள் வெப்சைட்டில் எங்கெங்கே சேவை இருக்குன்னு வரைபடம் போடணும். அதையும் பாருங்க. ஆனால் கடைசித் தீர்ப்பு உங்க நோட்டுதான்.

ஏன் ஒரே இடத்தில் ஒரு கம்பெனி எடுக்குது, இன்னொன்னு எடுக்கலைன்னு கேப்பாங்க. டவர் தூரம் ஒரு காரணம். அலைவரிசை இன்னொரு காரணம். ராத்திரி பக்கத்து ஊர் திருவிழாவைக் கேட்டிருக்கீங்களா? மேளத்தோட தம் தம் சத்தம் மட்டும் நம்ம வீடு வரைக்கும் வரும், ஜால்ரா சத்தம் வராது. அதே மாதிரி 700, 850 மெகாஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், சுவரைத் தாண்டியும் உள்ளே வரும். 2300, 3300 மாதிரி உசந்தது வேகமா டேட்டா கொடுக்கும், ஆனால் எட்டற தூரம் குறைச்சல். எங்க ஊர் உப்பளம் பக்கம் மலையும் இல்லை, மாடியும் இல்லை. வெறும் பாத்தி, வானம். டவர் தள்ளியிருந்தாலும் தாழ்ந்த அலை வந்து சேரும். உங்க போன் அந்த அலைவரிசையைப் பிடிக்குமான்னும் பார்க்கணும். பழைய போனை வச்சிக்கிட்டு கம்பெனியைத் திட்டறவங்க நிறைய பேர். நானும் திட்டினவன்தான்.

ரெண்டாவது விஷயம். ரோட்டில் இருக்கிறவனுக்கு ஒரு சிம் பத்தாது.

பள்ளிக்கூடத்தில் எங்க தமிழ் ஐயா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. சங்க காலத்தில் உப்பு வண்டி ஓட்டுகிறவங்களுக்கு உமணர்னு பேர். பள்ளமும் மேடுமா போற பாதையில் அச்சு முறிஞ்சால் என்ன பண்றதுன்னு, வண்டிக்கு அடியிலேயே ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கிட்டுப் போவாங்களாம். ஔவையார் புறநானூற்றில் ஒரு அரசனை அந்த அச்சுக்கு ஒப்பிட்டுப் பாடியிருக்காங்க. அன்னைக்கும் உப்பு வண்டி, இன்னைக்கும் உப்பு வண்டி. என் மாற்று அச்சு ரெண்டாவது சிம்.

அதில் ரெண்டு கவனம். ரெண்டும் வேற வேற கம்பெனியா இருக்கணும். ஒரே கம்பெனியில் ரெண்டு சிம் வச்சிருக்கறது, பஞ்சரான டயருக்கு இன்னொரு பஞ்சர் டயரை ஸ்டெப்னியா வச்ச கதை. அடுத்தது, பேங்க், யுபிஐ, ஃபாஸ்டேக் எல்லாம் எந்த நம்பரில் இருக்கோ, அந்த சிம் உங்க ரோட்டில் நல்லா எடுக்கற கம்பெனியில் இருக்கணும். ஓடிபி வராத நம்பரில் பேங்க் கணக்கு இருந்து என்ன பிரயோஜனம்?

நம்பரை மாத்த வேண்டாம், கம்பெனியை மட்டும் மாத்தலாம். நாடு முழுக்க 2011 ஜனவரியிலிருந்து அந்த வசதி இருக்கு. PORT-னு ஆங்கிலத்தில் அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, உங்க நம்பரைப் போட்டு 1900-க்கு மெசேஜ் அனுப்பினால் ஒரு குறியீடு வரும். நாலு நாளைக்குச் செல்லும். இப்போ இருக்கிற கம்பெனியில் 90 நாள் முடிஞ்சிருக்கணும். அவசரப்பட்டு மாத்தாதீங்க. முதல்ல அந்தக் கம்பெனியில் ஒரு புது சிம் வாங்கி, ஒரு மாசம் உங்க ரோட்டில் ஓட்டிப் பாருங்க. நல்லாயிருந்தால் அப்புறம் பழைய நம்பரைக் கொண்டு போங்க.

நெட்டே இல்லாத இடமும் வரும். சத்தியமங்கலம் தாண்டி திம்பம் மலை, 27 கொண்டை ஊசி வளைவு. காட்டுக்குள்ளே பல இடத்தில் ரெண்டு அச்சும் முறிஞ்ச மாதிரிதான். அதுக்கு முன்னாடியே மேப்பை இறக்கி வச்சிக்கணும், பில்லை போட்டோவா சேமிச்சு வச்சிக்கணும். டேட்டா இல்லாமல் சாதா சிக்னல் மட்டும் இருந்தால், பேங்கில் பதிஞ்ச நம்பரிலிருந்து *99# அடிச்சுப் பணம் அனுப்பலாம். இது நிறைய பேருக்குத் தெரியாது.

மூணாவது, காசு. மாச ரீசார்ஜ்னு சொல்றோம், ஆனால் பெரும்பாலும் அது 28 நாள். 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. அதாவது வருஷத்துக்கு 12 இல்லை, 13 தடவை போடறோம். விலையைப் பார்க்காதீங்க, விலையை நாளால் வகுத்துப் பாருங்க. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் எல்லாம் விலை ஏத்தினபோது நான் முதல் தடவையா அப்படி வகுத்துப் பார்த்தேன். ரெண்டாவது சிம்முக்கு டேட்டா பிளான் வேண்டியதில்லை, உயிரோடு இருந்தால் போதும்னு புரிஞ்சது. 30 நாள் செல்லுபடியாகற பிளான் ஒன்னு, மாசாமாசம் ஒரே தேதியில் புதுப்பிக்கற பிளான் ஒன்னு கட்டாயம் வச்சிருக்கணும்னு டிராய் 2022-லேயே சொல்லியிருக்கு. கடையில் கேட்டால்தான் சொல்வாங்க.

இந்த 28 நாள் கணக்கு எனக்கு எப்படிப் புரிஞ்சதுன்னு சொல்றேன். அதுக்குத்தான் இந்த எபிசோடே.

2024 நவம்பர் 29. ஃபெஞ்சல் புயல் வருதுன்னு பேச்சு. மழை பிடிக்கறதுக்குள்ள லோடு ஏற்றிக் கிளம்பிட்டேன். மறுநாள் சாயங்காலம் பண்ணாரி செக்போஸ்ட். திம்பத்தில் ராத்திரி சரக்கு வண்டி ஏற விடமாட்டாங்க. வரிசையில் நிறுத்திட்டு போனைப் பார்க்கறேன். ரெண்டு சிம்மும் முழு சிக்னல். புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடக்குதுன்னு வீடியோ வீடியோவா வருது. எங்க மாவட்டத்தில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல மழை.

அப்பா உப்பளத்தில்தான். எழுபது வயசு. உப்பு வார்றதை விட்டு வருஷமாச்சு, மழைக்காலத்தில் விற்காத உப்புக் குவியலுக்குக் காவல் இருக்கார். கையில் பட்டன் போன். அடிக்கறேன். பதிவு பண்ணின குரல் ஏதோ சொல்ல ஆரம்பிக்குது, முதல் வார்த்தையிலேயே கட் பண்றேன். டவர் போயிடுச்சு, புயல் காத்து, வேற என்ன? 2020-ல் நிவர் புயல் எங்க ஊர் பக்கத்தில்தான் கரை ஏறுச்சு, அப்பவும் இப்படித்தான். அடிக்கறேன், கட் பண்றேன். ராத்திரி முழுக்க.

காலையில் பக்கத்து வீட்டு அண்ணன் போன் பண்ணினார். "டேய், பதறாதே. அப்பா இருக்காரு. கால்தான் போயிடுச்சு." குவியல் மேல போட்ட தார்ப்பாய் காத்தில் தூக்கியிருக்கு. இழுத்துக் கட்டப் போனவர் வரப்பில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிஞ்சிடுச்சு. தவழ்ந்து மோட்டார் கொட்டகைக்குள்ள போயி விடியற வரைக்கும் உட்கார்ந்திருக்கார்.

ரெண்டு நாள் கழிச்சு ஆஸ்பத்திரியில் பார்த்தேன். திட்டவே இல்லை. "உனக்கு அடிச்சேன்ப்பா, போகல. ஆனா கோடு நாலு இருந்துச்சு"ன்னார்.

டவர் விழவே இல்லை. அக்டோபர் 20-ம் தேதி நான் போட்ட ரீசார்ஜ், நவம்பர் 16-ம் தேதியே முடிஞ்சிருக்கு. என் மனசில் அது மாசம். 20-ம் தேதி போடணும்னு வச்சிருந்தேன், அன்னைக்கு ரோட்டில் இருந்தேன், மறந்துட்டேன். முதல்ல அவர் பேசறது நின்னிருக்கு, சில நாளில் அவருக்கு வர்றதும் நின்னிருக்கு. எச்சரிக்கை மெசேஜ் வந்திருக்கு, அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் கட் பண்ணின அந்தப் பதிவுக் குரல் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. பத்து விநாடி முழுசா கேட்டிருந்தால் அங்கிருந்தே ரீசார்ஜ் போட்டிருப்பேன். ரெண்டு சிம், முழு நெட் கையில் வச்சிக்கிட்டு இருந்தவன் நான்.

எங்கிட்ட மாற்று அச்சு இருந்தது. அவர்கிட்ட இருந்த ஒரே அச்சை நான் கழட்டி வச்சிருந்தேன்.

இங்கேயிருந்து தெற்கே, புதுச்சேரி பக்கம் நல்லவாடுன்னு மீனவர் கிராமம். 2004 சுனாமி அன்னைக்கு, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருத்தர் டிவியில் செய்தி பார்த்துட்டு ஊருக்குப் போன் பண்ணினார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோட தகவல் மையம் அங்கே இருந்தது. அதோட ஒலிபெருக்கியில் அறிவிச்சு ஜனங்களை வெளியேத்தினாங்க. கடல் தாண்டி வந்த செய்தி, கடைசி நூறு அடி ஒலிபெருக்கியில் போனதாலதான் உயிர் தப்பினாங்க. செய்தி எங்கேயிருந்து கிளம்புதுங்கறது பாதிதான். போய்ச் சேர்ற இடத்தில் வாங்கிக்கறதுக்கு வழி இருக்கணும்.

அப்பாவுக்கு இப்போ கால் சரியாயிடுச்சு, கொஞ்சம் சாய்ச்சு நடக்கறார். அந்த டிசம்பர் 23-ம் தேதிதான் டிராய் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பேசறதுக்கும் மெசேஜுக்கும் மட்டும், டேட்டா இல்லாத பிளான் கட்டாயம் கொடுக்கணும், 365 நாள் வரைக்கும் கொடுக்கலாம்னு. பட்டன் போன்காரங்களுக்கு இதுதான் சரி. அவருக்கு நீண்ட நாள் பிளான் போட்டு, முடியற தேதியைத் தினசரி காலண்டர் அட்டையில் சிவப்புப் பேனாவில் எழுதியிருக்கேன். என் போனில் ஒரு வாரம் முன்னாடியே அலாரம். பக்கத்து வீட்டு அண்ணன் நம்பரும், உப்பளத்துக் கணக்குப்பிள்ளை நம்பரும் என் வண்டி டேஷ்போர்டில் ஒட்டியிருக்கு.

இன்னொன்னு. ரீசார்ஜ் தீர்ந்த சிம்மிலும் 112 போகும். அது அன்னைக்கு எங்க அப்பாவுக்குத் தெரியாது. உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு இன்னைக்கே சொல்லிக்கொடுங்க, ஒன்னு, ஒன்னு, ரெண்டுன்னு விரல் வச்சு அமுத்திக் காட்டுங்க.

ஆக, எந்த சிம் நல்லதுன்னு கேட்டால் நான் நாலு கேள்வி திருப்பிக் கேப்பேன். நீங்க நிற்கிற இடத்தில், நிற்கிற நேரத்தில் எது ஓடுது? அது படுத்தால் வேற கம்பெனியில் மாற்று இருக்கா? ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகுது? நாலாவது, உங்களுக்காக வீட்டில் காத்திருக்கிறவங்க போன் எந்தத் தேதி வரைக்கும் பேசும்?

முதல் மூணுக்கும் பதில் உங்க நோட்டில் இருக்கும். நாலாவதுக்கு, இந்த எபிசோடை இங்கேயே நிறுத்திட்டு வீட்டுக்கு ஒரு போன் அடிச்சுப் பாருங்க. குரல் ஏதாவது சொன்னால், கட் பண்ணாமல் முழுசா கேளுங்க.