எண் தீர்ப்பு அல்ல

(அழகர்கோவிலில் கூடிய ஆதரவாளர்கள் நடுவே எங்கள் மருத்துவக் குழுவின் சார்பில் பேசியது)

உங்கள் ஜெபத்தாலும் காணிக்கையாலும் நடக்கும் இந்த ஊழியத்தில், நாங்கள் தவறு செய்து கற்றுக்கொண்ட ஒரு பாடத்தைச் சொல்ல வந்திருக்கிறோம்.

இந்த மலையடிவாரத்திலிருந்து மாந்தோப்புக் காவலாளி ஒருவர் எங்களிடம் வந்தார். எட்டு மாதமாக மலத்தோடு இரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று நினைத்துக் கைவைத்தியம் பார்த்திருக்கிறார். சோதித்தபோது பெருங்குடலில் புற்றுநோய்.

நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை ஸ்கேன் காட்டும். அதை உடல் எப்படித் தாங்குகிறது என்பதைச் சாதாரண இரத்தப் பரிசோதனையே ஓரளவு காட்டும். காயம்பட்ட இடம் சிவந்து வீங்குவதுபோல, கட்டியினாலும் உடலில் அழற்சி உண்டாகிறது. கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் இருப்பதை 1863-லேயே ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ கவனித்தார். அழற்சி மிகும்போது கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. இரத்தத்தில் ஆல்புமின் குறைகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் இவ்விரண்டையும் சேர்த்து 0, 1, 2 என்று ஒரு மதிப்பெண் வகுத்தார்கள். சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேலும், ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழும் இருந்தால் மதிப்பெண் 2. அது கூடக் கூட, நெடுநாள் பிழைத்திருக்கும் வாய்ப்பு பொதுவாகக் குறைகிறது.

இவருக்கு 2. வார்டு வாசலில் நின்றபடியே அவர் மனைவியிடம், "ரிசல்ட் நல்லா இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனோம். மறுநாள் காலை அந்த அம்மா பாயைச் சுருட்டி வைத்திருந்தார். "பொழைக்க மாட்டாருன்னா எதுக்குங்கய்யா செலவு? வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

எங்களுக்குச் சுருக்கென்றது. உட்கார்ந்து பேசினோம். "இது நாள் குறிக்கிற கணக்கு இல்லம்மா. காய்ச்சல், காசநோய், சீழ் எது இருந்தாலும் சி.ஆர்.பி. ஏறும். அவர் உடம்பு களைத்திருக்கிறது, கூடுதலாகக் கவனியுங்கள் என்று இது எங்களுக்குச் சொல்கிறது" என்றோம். தேடியபோது கட்டியின் அருகே சீழ் கட்டியிருந்தது. அதற்குச் சிகிச்சை கொடுத்தோம். முட்டை, பருப்பு, கடலை என்று தினமும் சத்துணவு கொடுத்தோம். உணவால் மட்டும் அழற்சி அடங்காது. ஆனாலும் அறுவைச் சிகிச்சையைத் தாங்க உடலுக்குப் பெலன் வேண்டுமே! மூன்று வாரம் கழித்து அறுவைச் சிகிச்சை நடந்தது. சென்ற மாதம் இரண்டாம் வருடச் சோதனைக்கு இருவரும் பஸ் ஏறி வந்தார்கள். இன்னும் பல ஆண்டுகள் அவரைக் கண்காணிக்க வேண்டும்.

நல்ல சமாரியன் காயங்களைக் கட்டியதோடு போய்விடவில்லை. பின்வரும் நாட்களுக்கான செலவையும் ஏற்றுக்கொண்டான். அந்த மூன்று வார உணவு உங்கள் காணிக்கையால் வந்தது. உங்களிடம் இன்னொன்றும் கேட்கிறோம்: உங்கள் தெருவில் யாருக்காவது மலத்தில் இரத்தம் போனால், மூலம் என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.