சாங்கி ஆஸ்பத்திரிப் பேயும் பினாங்கு போனவரும்

(ஒலித்தொடரில் பேசியதன் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகச் சில இடங்களில் மட்டும் சீர்செய்திருக்கிறோம்.)

இன்னைக்குப் பேய்க்கதை. ஆனா முழுசாப் பேய்க்கதைன்னும் சொல்லிட முடியாது. போகப் போகப் புரியும்.

எங்க ஊர் மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில வந்தீங்கன்னா பாண்டிச்சேரிக்கு முன்னாடி வெள்ளை வெள்ளையா உப்பு அம்பாரம் குவிஞ்சு கிடக்குமே, அந்த ஊர். உப்பளத்துல வெயில் ஏறுறதுக்குள்ள வேலை முடியணும். அதனால ராத்திரி ரெண்டு, மூணு மணிக்கே ஆளுங்க பாத்திக்குப் போயிடுவாங்க. கும்மிருட்டு, கால் நனையற அளவுக்கு உப்புத் தண்ணி, ஒரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், இன்னொரு பக்கம் கழுவெளி. பேய்க்கதை சொல்ல இதைவிட நல்ல இடம் வேணுமா?

சின்ன வயசுல எங்களுக்குச் சொன்னது கொள்ளிவாய்ப் பிசாசு. கழுவெளிச் சேத்துமேல ராத்திரியில நெருப்பு அலையும், பின்னாடியே போனா ஆளை முழுங்கிடும். சதுப்புல மக்கிப்போன செடிகொடியிலருந்து வர்ற வாயுதான் அதுன்னு பள்ளிக்கூடத்துல வாத்தியார் சொன்னார். எங்க ஆயா ஒத்துக்கலை. ஆனா இப்ப நினைச்சுப் பார்த்தா, ஆயா சொன்ன கதைக்கு ஒரு வேலை இருந்துச்சு. நாங்க யாரும் ராத்திரியில சேத்துப் பக்கம் போகலை.

இப்போ ஷெட்டுல உக்கார்ந்து டீ குடிக்கிற நேரத்துல கையில செல்போன். போன மாசம் ஒரு பையன் வீடியோ காட்டினான். அவன் அண்ணன் சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வேலை செய்யறார், அவர் அனுப்பினது. பாழடைஞ்ச ஒரு பெரிய ஆஸ்பத்திரி, உடைஞ்ச ஜன்னல், நீளமான வராந்தா, பின்னணியில பயமுறுத்துற இசை. "ஜப்பான்காரன் சித்திரவதை பண்ண இடம்ணே, இன்னமும் ராத்திரியில கத்துற சத்தம் கேக்குதாம்" என்றான்.

அதுதான் பழைய சாங்கி ஆஸ்பத்திரி. ஆசியாவுல பேய் உலாவுற இடம்னு யார் பட்டியல் போட்டாலும் இது இருக்கும். 2010ல் 'ஹான்டட் சாங்கி' என்று ஒரு படமே வந்தது, ஏதோ நிஜமாகப் படம்பிடித்தது கிடைத்தது போல எடுத்த படம். சொல்லப்படும் கதைகள் ஏராளம். ராணுவ உடையில் தலையில்லாமல் நடக்கிறவன், பிள்ளைப்பேற்றில் செத்த பொந்தியானாக் என்கிற மலாய்ப் பேய், குழந்தைகள் வார்டில் அழுகைச் சத்தம். அதற்கு மேல் சதிக்கதைகள். கட்டடத்துக்கு அடியில் சுரங்கம் இருக்கிறது, சங்கிலி தொங்குகிற அறை ஒன்றைச் சுவர் எழுப்பி மூடிவிட்டார்கள், அரசாங்கம் எதையோ மறைக்கத்தான் வேலி போட்டு வைத்திருக்கிறது, இப்படி.

முதல்ல அந்தக் கட்டடத்தோட வரலாறைப் பார்ப்போம், சுருக்கமாத்தான். 1930களில் பிரிட்டிஷ்காரர்கள் சாங்கியில் பெரிய ராணுவத் தளம் அமைத்தபோது எழுந்த கட்டடங்கள் இவை. போருக்குப் பிறகு பிரிட்டிஷ் விமானப்படையின் மருத்துவமனையாக இயங்கின. 1971ல் பிரிட்டிஷ் படை சிங்கப்பூரை விட்டுக் கிளம்பியது. பிறகு கொஞ்ச காலம் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, பிரிட்டிஷ் கூட்டுப்படை வைத்திருந்தது, அப்புறம் சிங்கப்பூர் ராணுவம், அப்புறம் பொதுமக்கள். 1997ல் சீமேயில் புதிய சாங்கி பொது மருத்துவமனை வந்ததும் இதை மூடிவிட்டார்கள். அதாவது கடைசி இருபது வருஷம் இங்கே காய்ச்சலுக்கு மருந்து வாங்கியிருக்கிறார்கள், பிள்ளை பெற்றிருக்கிறார்கள். பேய் பிரபலமானது பெரும்பாலும் கதவு பூட்டிய பிறகுதான்.

ஒரு சதுர அடிக்கு அவ்வளவு விலை போற ஊர்ல, கடலைப் பார்த்த மாதிரி ஒரு கட்டடம் இத்தனை வருஷமாச் சும்மாக் கிடந்தா, ஏதோ இருக்குன்னுதான் தோணும். அரசு நிலம், பழைய கட்டடம், மராமத்துச் செலவு. இதெல்லாம் சொன்னா யார் கேக்கறாங்க? பேய்னா நம்பறது சுலபம்.

சரி, ஜப்பான்காரன் கதைக்கு வருவோம். கெம்பெய்த்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸ் சிங்கப்பூரில் சித்திரவதை செய்தது கற்பனை இல்லை. ஆனால் அதற்குப் பேர்போன இடம் ஊரின் நடுவே இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடம். 1943 அக்டோபர் 10க்குப் பிறகு சாங்கி சிறையில் இருந்த பொதுமக்கள் 57 பேரைப் பிடித்து விசாரித்தார்கள், அதில் 15 பேர் செத்தார்கள். சாங்கி கடற்கரையிலேயே 1942 பிப்ரவரி 20ல் 66 சீன ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். அங்கே நினைவுப் பலகை இருக்கிறது. இதற்கெல்லாம் சாட்சியம் இருக்கிறது, வழக்கு நடந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குள் சங்கிலி அறை இருந்தது என்பதற்கு மட்டும் காட்ட எதுவும் இல்லை.

போர்க்கைதிகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி இருந்தது நிஜம்தான். 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. ரெண்டு நாள் கழித்து, சுமார் 50,000 பிரிட்டிஷ், ஆஸ்திரேலியச் சிப்பாய்களைச் சாங்கிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். அவர்களுடைய ஆஸ்பத்திரி ராபர்ட்ஸ் பாரக்ஸ் என்ற இடத்தில் இயங்கியது. அது இப்போ சாங்கி விமானப்படைத் தளத்துக்குள்ளே இருக்கு. பேய் பிடிக்கப் போற பசங்க ஏறிக் குதிக்கிற இடம் வேற.

அந்த நிஜ ஆஸ்பத்திரியில் சீதபேதிக்காரர்களை வைத்திருந்த கட்டடத்தில் ஸ்டான்லி வாரன் என்று ஒரு சிப்பாய் படுத்துக் கிடந்தார். கீழ்த்தளத்தில் சின்ன ஜெபக்கூடம். உடம்பு முடியாத நிலையிலேயே அதன் சுவரில் ஐந்து பெரிய ஓவியங்கள் வரைந்தார். வண்ணம் கிடைக்கவில்லை. நீலத்துக்கு பில்லியர்ட்ஸ் மேசையில் பயன்படுத்துகிற சுண்ணக்கட்டியை அரைத்துச் சேர்த்தார்களாம். பிறகு சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள், மறந்தும் போய்விட்டது. 1958ல் சுவருக்குள் ஓவியம் இருப்பதைத் தற்செயலாகப் பார்த்தார்கள். வரைந்தது யார் என்று தேடினார்கள். லண்டனில் ஓவிய ஆசிரியராக இருந்த வாரனைக் கண்டுபிடித்தார்கள். அவர் திரும்பி வந்து மூன்று முறை அவற்றைச் சீர்செய்து கொடுத்தார்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, ஒரு சுவர்ல யார் படம் வரைஞ்சாங்கன்னு உலகத்தோட அந்தக் கோடி வரைக்கும் தேடிப் போய் ஆளைப் பிடிச்சிருக்காங்க. இந்த 'தேடிப் போய்' அப்படிங்கறதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கங்க.

இன்னொரு விஷயம். போர்க்காலத்தில் சாங்கி வழியாகப் போய்வந்த கைதிகள் சுமார் 87,000 பேர். சாங்கியிலேயே செத்தவர்கள் 850 பக்கம். ஒவ்வொன்றும் உயிர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஜப்பானியர் நடத்திய முகாம்களில் சாங்கி பரவாயில்லாத ஒன்று. சாவு நடந்தது வேறு இடத்தில். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்களே, அங்கே. 1943ல் 'எஃப் ஃபோர்ஸ்' என்று சாங்கியிலிருந்து 7,000 கைதிகளை அந்த வேலைக்கு அனுப்பினார்கள். சில மாதங்களில் 3,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். கத்தியோ சங்கிலியோ இல்லை. வாந்திபேதி, சீதபேதி, மலேரியா, பசி.

இங்கதான் நம்ம ஆளுங்க வர்றாங்க.

அந்தப் பாதையில் வேலை செய்தவர்களில் வெள்ளைக்காரக் கைதிகள் சுமார் 60,000 பேர், செத்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளிகளோ ரெண்டு லட்சம் பக்கம் என்கிறார்கள், செத்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பீடு. இந்த 'வரை இருக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். யாரும் எண்ணவில்லை. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். சம்பளம் உண்டு, கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் முதலில் கூட்டிப்போனார்கள். அப்புறம் சொல்வதும் நின்றுபோனது. இலவச சினிமா என்று அழைத்து, கதவை மூடி, லாரியில் ஏற்றினார்கள் என்று பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

சிப்பாய்களோடு ராணுவ டாக்டர்களாவது இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கக்கூஸுக்குக் குழி வெட்டு என்று சொல்ல ஆள் இருந்தது. தமிழாள் முகாமில் அதுவும் இல்லை. காலரா பரவியபோது மொத்த முகாமே காலியானது. கடைசியில் 1943 ஜூனில் 'கே ஃபோர்ஸ்' என்று 230 பேர், ஆகஸ்டில் 'எல் ஃபோர்ஸ்' என்று 115 பேர், டாக்டர்களும் மருத்துவ உதவியாளர்களும், சாங்கிக் கைதிகளிலிருந்து பிரித்து இந்தத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சாங்கியின் வைத்தியத்துக்கும் நம்ம ஆட்களுக்கும் உண்மையில் இருந்த தொடர்பு இதுதான். வீடியோவுல இது வராது. வந்தாலும் பின்னணி இசை போட வசதியா இருக்காது.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகள் கல்லறை இருக்கிறது. 7,000 பேர் பக்கம். பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்து, புல்லை அளவாக வெட்டிப் பராமரிக்கிறார்கள். அந்த வரிசையில் ரப்பர் தோட்டத்துத் தமிழனுக்குக் கல் இல்லை. அவனைப் பற்றி எழுத மலேசியத் தமிழர்தான் வரவேண்டியிருந்தது. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். கிடைச்சா படிங்க.

செத்தவங்களுக்குக் கல் வைக்கறது நமக்குப் புதுசு இல்லை. சண்டையில செத்தவனுக்கு நடுகல். பிள்ளைத்தாச்சியாச் செத்தவளுக்குச் சுமைதாங்கிக் கல், அவ இறக்க முடியாத பாரத்தை வழிப்போக்கன் தன் சுமையை இறக்கி வெச்சுத் தீர்க்கட்டும்னு. சிங்கப்பூர்ல பிள்ளைப்பேத்துல செத்தவளைப் பொந்தியானாக்னு பார்த்துப் பயப்படறாங்க. இங்க அவளுக்கு ரோட்டோரமாக் கல்லு நட்டு மூட்டையை இறக்கி வெச்சாங்க. நம்ம ஊர்லயும் அவ பேயா வருவான்னு சொல்றவங்க உண்டு, மறைக்கலை. ரெண்டும் ஒரே பயத்திலருந்துதான் வருதுன்னு நினைக்கிறேன். கல்லு வெச்ச இடத்துல பயம் கொஞ்சம் அடங்குது.

இப்போ எங்க வீட்டுக் கதை. ஆயாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். முப்பதுகளில் கங்காணி ஒருத்தரோடு கப்பலேறினார். எங்க ஊர்ல மலாயா, சிங்கப்பூர் எல்லாமே 'பினாங்கு'தான். ரெண்டு தடவை பணம் வந்ததாம், ஒரு கடிதம் வந்ததாம். அப்புறம் போர் வந்தது. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லை. தோட்டத்தில் இருந்தாரா, சயாமுக்குப் போனாரா, இல்ல அங்கேயே இன்னொரு குடும்பம் வெச்சுக்கிட்டு நல்லா வாழ்ந்தாரான்னு யாருக்கும் தெரியாது. அவருக்காகத் தேடிப் போக யாரும் இல்லை. எந்த ஆபீஸ்ல போய் எந்தப் பட்டியலைக் கேக்கறது?

அவர் சம்சாரத்தை நாங்க பெரியாயான்னு கூப்பிடுவோம். நாப்பது வருஷத்துக்கு மேல தாலியும் பொட்டுமா இருந்தாங்க. எடுக்கச் சொல்ல ஊர்ல யாருக்கும் வாய் வரலை, வெச்சுக்கோன்னு சொல்லவும் வாய் வரலை. ராத்திரியில நாய் குரைச்சா எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்ப்பாங்க. பேய்னு பயந்து இல்லை. வந்துட்டாரோன்னு. தாலியோடவே போய்ச் சேர்ந்தாங்க.

அந்தப் பையன்கிட்ட ஷெட்டுல இதைச் சொன்னேன். வீடியோவை நிறுத்திட்டான். கொஞ்ச நேரம் கழிச்சு, "அண்ணே, எங்க வீட்லயும் ஒருத்தர் பினாங்கு போனார்னு சொல்வாங்க" என்றான். அப்புறம் பக்கத்துப் பாத்திக்காரர் ஒருத்தர், தன் தாத்தாவோட தம்பின்னார். பல்லு விளக்கிட்டிருந்தவர் ஒருத்தர் திரும்பிப் பார்த்தார், ஒண்ணும் சொல்லலை. விடிய ஆரம்பிச்சுடுச்சு, எல்லாரும் உப்பு வாரக் கிளம்பிட்டோம்.

எங்க வீட்டுல ஆடி அமாவாசைக்குக் கடல்ல முழுகிட்டு வந்து படையல் போடுவோம். செத்த தேதி தெரியாதவருக்கு அதான் நாள். அவருக்கும் ஓர் இலை. ஆயா இருந்த வரைக்கும் அந்த இலையைப் போட விட்டதில்லை, "உயிரோட இருக்கறவனுக்கு இலை போடறீங்களா"ன்னு சண்டை பிடிப்பாங்க. அவங்க போனப்புறம்தான் அம்மா போட ஆரம்பிச்சாங்க. கற்பூரம் காட்டும்போது ஒவ்வொருத்தர் பேரா, ஊரோட சேர்த்துச் சொல்லணும். இந்தத் தடவை நான்தான் சொன்னேன். இதையெல்லாம் படிச்சிருந்ததால அவர் பேர் வந்ததும் நின்னுட்டேன். சயாம்னு சொல்றதா, மலாயான்னு சொல்றதா? அம்மா பின்னாடி இருந்து, "பினாங்குன்னே சொல்லுடா, அங்கதான் போறேன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றார்.